காட்டுச் செம்மறியை வேறு மலையிலிருந்து பிடித்துவந்து விட்டால் நலிந்த மந்தை தேறுமா?

தேறும், தேறியும் இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பைசன் என்ற காட்டெருமைகளுக்கு ஒரு சரணாலயம் உண்டு. 1922-ல் அங்கே பிக்ஹார்ன் என்ற பெரிய கொம்புள்ள காட்டுச் செம்மறிகள் 12-ஐக் கொண்டுவந்து விட்டார்கள். சுற்றிலும் வேறு மந்தை கிடையாது. அறுபது வருஷம் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகினால் என்ன ஆகும்? மந்தை நலியும். ஆடு மேய்ப்பவர்களுக்கு இது புதிதல்ல: ஒரே கிடாவை ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

1985 முதல் 1994 வரை வெளியிலிருந்து 15 ஆடுகளைச் சேர்த்தார்கள். புது ரத்தம் கலந்த வாரிசுகள் பழையவற்றைவிட அதிகக் குட்டி போட்டன, அதிக காலம் உயிரோடும் இருந்தன. வெறும் 15 ஆடு!

பிடிப்பதுதான் பெரிய கூத்து. ஹெலிகாப்டரில் தாழப் பறந்து, துப்பாக்கியால் வலையை வீசுகிறார்கள். சிக்கியதும் முதல் வேலை கண்ணைக் கட்டுவது. இருட்டானால் ஆடு அடங்கிவிடும். அப்புறம் காலைக் கட்டி, ரத்தம் எடுத்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டுகிறார்கள்.

மூக்கிலிருந்து சளியையும் சோதனைக்கு எடுப்பார்கள். இதைத்தான் நான் முக்கியம் என்பேன். வீட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் நோவில்லாமல் சுமக்கும் ஒரு மைக்கோபிளாஸ்மா கிருமி, பிக்ஹார்னுக்குப் போனால் நிமோனியாவாக மாறி மந்தையையே சாய்த்துவிடும். தப்பிய தாய் ஆடுகளில் சில கிருமியைச் சுமந்தே திரிவதால், அடுத்தடுத்த வருஷக் குட்டிகளும் சாகின்றன. உதவிக்கு வந்த ஆடே நோயைக் கொண்டுவந்தால், சும்மா விட்டிருந்தாலே தேவலை. பக்கத்தில் பட்டி ஆடுகள் மேயும் மலையில் புது ஆடுகளை விடத் தயங்குவதும் இதனால்தான்.