ஒரே திறப்பை மூன்று பேர் வைத்திருக்கிறோம்

கேள்வி: புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் ஐ.டி. பொறுப்பாளராக இருக்கிறேன். 45 கணினிகள், அவற்றின் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஒரு விண்டோஸ் டொமைன் சேர்வர். நானும் இரண்டு தம்பிமாரும் எல்லாவற்றுக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற ஒரே கணக்கைத்தான் பாவிக்கிறோம். பாஸ்வேர்ட் முதலாளிக்கும் தெரியும். கணக்காய்வுக்கு வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். இந்தச் சின்ன அலுவலகத்துக்கு இது தேவையா?

பதில்: தேவை. தம்பிமாருக்கு இரண்டிரண்டு போதும், உங்களுக்கு மூன்று வேண்டும்.

சேர்வரில் ஒரு ஃபோல்டர் அழிந்தால் பதிவில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றுதான் இருக்கும். செய்யாதவர் மீதும் சந்தேகம் விழும். ஆனால் என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய காரணம் வேறு.

கணக்குப் பிரிவில் ஒருவருடைய பிரின்டர் வேலை செய்யவில்லை என்று வைப்போம். தம்பி தன் மேசையிலிருந்தே ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அந்தக் கணினிக்குள் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைகிறார். டிரைவரை மாற்றுகிறார். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அது லொக் ஓஃப், அதாவது கணக்கிலிருந்து வெளியேறுவது, இல்லை. இணைப்புத்தான் அறுந்தது, அவருடைய செஷன் உள்ளே அப்படியே கிடக்கிறது. நுழைந்தவரின் பாஸ்வேர்ட்டிலிருந்து உருவான ஹேஷ் என்ற குறியீட்டை விண்டோஸின் எல்சாஸ் என்ற புரோகிராம் நினைவகத்தில் வைத்திருக்கும். போலி இன்வொய்ஸ் மெயில் ஒன்றால் அந்தக் கணினிக்குள் ஏற்கெனவே வைரஸ் புகுந்திருந்தால், அந்த ஹேஷை உருவி எடுத்து, பாஸ்வேர்ட் தெரியாமலே சேர்வருக்குள் போய்விடலாம். 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கிப் பல நாடுகளை முடக்கிய நொட்பெட்யா, நினைவகத்திலிருந்து திருடிய அட்மின் விவரங்களை வைத்தும்தான் கணினிக்குக் கணினி தாவியது.

அதனால் இப்படிப் பிரியுங்கள். மெயில், பிரவுசர் எல்லாம் சாதாரணக் கணக்கில், நீங்கள் உட்பட. பழுதுபார்க்க இன்னொரு கணக்கு: பயனர் கணினிகளில் அட்மின், சேர்வரில் எந்த உரிமையும் கிடையாது. யாராவது பாஸ்வேர்ட்டை மறந்தால் மாற்றிக் கொடுக்கும் உரிமையை மட்டும் அதற்குத் தனியாக ஒப்படைக்கலாம், அதற்கு டொமைன் அட்மின், அதாவது சேர்வர் முதல் எல்லாக் கணினிகள் மீதும் அதிகாரமுள்ள கணக்கு, தேவையில்லை. மூன்றாவதான டொமைன் அட்மின் உங்களிடம் மட்டும். அது பயனர் கணினிகளில் நேரடியாகவோ ரிமோட்டிலோ நுழையவே முடியாதபடி, எல்லாக் கணினிகளுக்கும் சேர்வரிலிருந்தே விதி போடும் குரூப் பொலிசியில் தடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் அவசரத்தில் நீங்களே மீறுவீர்கள். அப்புறம், மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டால் செய்த வேலை முழுவதும் வீண். ஒவ்வொரு கணினியின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்ட்டையும் வெவ்வேறாக வைக்க மைக்ரோசொஃப்டின் லாப்ஸ் என்ற கருவி இருக்கிறது. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுடனேயே வருகிறது, காசு இல்லை.

அட்மினிஸ்ட்ரேட்டரின் பழைய பாஸ்வேர்ட்டை மாற்றுமுன் ஒரு நாள் பொறுங்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை மாற்றினோம். இரவு பேக்கப் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்பது யாருக்கும் நினைவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருவர் அழிந்துபோன எக்செல் ஃபைலைத் தேடி வந்தபோதுதான் பேக்கப் நின்றது தெரிந்தது. அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சேர்வரில் பின்னணியில் ஓடும் சேர்விஸ்களின் பட்டியலையும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரையும் திறந்து, எது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டரில் ஓடுபவற்றைத் தனிக் கணக்குக்கு மாற்றியபின் பாஸ்வேர்ட்டில் கை வையுங்கள்.

தம்பிமாரில் ஒருவர் விலகினால் அவருடைய கணக்குகளை அன்றே முடக்குங்கள், அழிக்க வேண்டாம். அழித்தால் ஃபைல், ஃபோல்டர்களின் உரிமைப் பட்டியலில் பெயருக்குப் பதில் நீண்ட எண்தான் மிஞ்சும்.

சரி, முதலாளி. அவருடைய நிறுவனம், நீங்கள் இல்லாத நாளில் உள்ளே போக அவருக்கு வழி இருக்கத்தான் வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை அதற்கென்றே ஒதுக்கி, புதிய நீளமான பாஸ்வேர்ட்டைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் அவரிடமே கையெழுத்து வாங்கி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். உறை திறக்கப்பட்டால் புதிய பாஸ்வேர்ட், புதிய உறை. ஒட்டுமுன், அந்தத் தாளைப் பார்த்தே ஒரு தடவை தட்டி சேர்வருக்குள் நுழைந்து பாருங்கள். ஆங்கில ஓவும் பூச்சியமும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.