முகமில்லாதவனுக்கு ஒரு முகம்

அன்புள்ள ஐயா,

டூன் மூன்றாம் பாகத்தின் நடிகர் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஏற்கெனவே திமோதி ஷலமே, ஸெண்டாயா, ஃப்ளோரன்ஸ் ப்யூ. இப்போது ஆன்யா டெய்லர்-ஜாய், ராபர்ட் பாட்டின்சன். போதாததற்கு ஜேசன் மோமோவா (முதல் பாகத்திலேயே செத்துப்போனவர்!). 10191ஆம் ஆண்டில் நடக்கும் கதையை இத்தனை தெரிந்த முகங்களை வைத்துக்கொண்டு எப்படி நம்புவது? அறிவியல் புனைகதைப் படத்துக்கு யாரென்றே தெரியாத முகங்கள்தானே பொருத்தம்? கதையை யோசிப்பதற்கு முன்பே நட்சத்திரங்களைப் பிடித்துவிடுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. இன்னொன்று: படம் வருவதற்குள் நாவலைப் படித்துவிடட்டுமா, காத்திருக்கட்டுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஆச்சரியக்குறி வைத்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். கதையைக் கொஞ்சம் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. முடிச்சுகள் தெரிய வேண்டாம் என்றால் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுங்கள்.

செத்துப்போன டங்கன் ஐடஹோ (மோமோவாவின் பாத்திரம்) திரும்பி வருவதுதான் மூன்றாம் பாகத்தின் கதையே. இந்தப் படத்துக்கு அடிப்படை ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1969இல் எழுதிய இரண்டாவது நாவலான டூன் மெஸையா. பேரரசனாகிவிட்ட நாயகன் பாலுக்கு (ஷலமேயின் பாத்திரம்) எதிரிகள் ஒரு பரிசு அனுப்புகிறார்கள். அவனுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன், அவனையும் அவன் அம்மாவையும் காப்பாற்றக் கதவை அடைத்துக்கொண்டு நின்று செத்தவன், அந்த டங்கனின் பிணத்திலிருந்து திரும்ப உண்டாக்கிய ஓர் ஆள். பெயர் ஹேட். முகம் அதே முகம். கண்கள் மட்டும் உலோகம். பழைய நினைவு ஒன்றுகூட இல்லை. விஷம் வைத்த பரிசு என்று பாலுக்குத் தெரிகிறது. தெரிந்தும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. காரணம் அந்த முகம்தான்.

இந்த இடத்தில் புதுமுகம் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். பால் கலங்குவான், நாம் பாப்கார்ன் தின்றுகொண்டிருப்போம். பாலுக்கு அந்த முகத்தோடு எவ்வளவு பழக்கமோ அவ்வளவு பழக்கம் நமக்கும் இருந்தால்தான் காட்சி நடக்கும். 2021இல் தியேட்டரில் மோமோவா செத்தபோது நமக்கு வந்த வருத்தம் ஐந்து வருடமாக எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கிறது. இயக்குநர் டெனி வில்னவ் இப்போது அதை எடுத்துச் செலவழிக்கப்போகிறார். தெரிந்த முகம் இங்கே விளம்பரத்துக்கு மட்டும் இல்லை, கதைக்கே அதுதான் முதல்.

அடுத்தது ஆலியா. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆலியா பாலின் தங்கை. அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே முன்னோர்களின் நினைவுகள் முழுவதும் அவளுக்குள் இறங்கிவிடுகின்றன. முதல் நாவலில் அவள் பிறந்து, சின்னக் குழந்தையாக நடமாடி, கிழவி மாதிரி பேசி, கடைசியில் வில்லன் ஹார்கோனன் பிரபுவை விஷ ஊசியால் கொன்றும் விடுகிறாள். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். திரையில்? டேவிட் லிஞ்ச் 1984இல் எடுத்த படத்தில் அலிஷியா விட் என்ற சிறுமி அதை நடித்தாள். பாவம், அந்தக் குழந்தை நன்றாகத்தான் செய்தாள். ஆனால் சின்னஞ்சிறு வாயிலிருந்து ஆயிரம் வருடத்துப் பேச்சு வரும்போது சிரிப்பு வருமா பயம் வருமா என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எனக்கு இரண்டும் வந்தது.

வில்னவ் அந்தக் குழந்தையைத் தேடவே இல்லை. கதையின் காலத்தையே சுருக்கிவிட்டார். நாவலில் வருடக்கணக்கில் நடப்பது இரண்டாம் பாகத்தில் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆலியா படம் முழுக்க வயிற்றுக்குள்ளேயே இருக்கிறாள், அம்மா அவளோடு பேசிக்கொண்டு நடக்கிறாள். ஹார்கோனனைக் கொல்லும் வேலை பாலிடம் போய்விடுகிறது. நடிக்க ஆள் கிடைக்காத பாத்திரத்துக்காகத் திரைக்கதையின் காலண்டரையே மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

அப்புறம் வளர்ந்த ஆலியாவை நமக்கு ஒரே ஒரு தடவை, பால் எதிர்காலத்தைக் காணும் தரிசனத்தில், கடற்கரையில் காட்டினார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதில் நடித்தவர் ஆன்யா டெய்லர்-ஜாய் என்பதை 2024 பிப்ரவரியில் லண்டன் சிறப்புக் காட்சி வரை வெளியே விடவில்லை. நான் பார்த்த காட்சியில் பக்கத்து இருக்கைப் பையன், "டேய், இது அந்த செஸ் விளையாடுற பொண்ணுடா" என்று நண்பன் காதில் சத்தமாகவே கிசுகிசுத்தான் (தி குவீன்ஸ் கேம்பிட் தொடரை நினைத்துத்தான்). உங்கள் வாதத்துக்கு அவன் நல்ல சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத கிரகத்தில் கடல் வந்திருக்கிறதே என்பதையும் அடுத்த நொடியே அவன்தான் கேட்டான்.

மெஸையாவில் ஆலியாவுக்குப் பதினைந்து வயதுதான். அவளுக்கும் அந்த ஹேட்டுக்கும் இடையே ஓர் ஈர்ப்பும் உண்டு. 1969இல் அதை எழுதிவிட்டார்கள். இன்று திரையில் பதினைந்து வயதுப் பெண்ணை மோமோவாவின் எதிரே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. 1996இல் பிறந்த ஒருவரை அங்கே கொண்டுவந்ததில் அந்தச் சிக்கலும் தீர்ந்துபோகிறது.

இதே கணக்கில் இன்னொரு தேர்வைப் பாருங்கள். பாலின் இரட்டைப் பிள்ளைகளான லெட்டோ, கனீமா பாத்திரங்களுக்கு நகோவா-வுல்ஃப் மோமோவா, ஐடா ப்ரூக் என்ற இரண்டு இளைஞர்களைப் போட்டிருக்கிறார்கள். (ஆமாம், முதலாமவர் ஜேசனின் மகனேதான்.) நாவலில் அந்த இரட்டையர் முடிவில்தான் பிறக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு எதற்கு வளர்ந்த நடிகர்கள்? ஒன்று, பாலின் தரிசனத்தில் வருகிறார்கள். இல்லையென்றால் கதை நாவலைத் தாண்டிப் போகிறது. ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைவிட நடிகர் பட்டியலைப் படிப்பதில் எனக்கு ருசி அதிகம். திரைக்கதையைப் பூட்டி வைத்திருப்பவர்கள் சாவியை அங்கேதான் மறந்து வைக்கிறார்கள்.

பாட்டின்சன் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் பாதி வருகிறேன். அவருக்குக் கொடுத்திருப்பது ஸைட்டேல். நினைத்த நேரத்தில் நினைத்த ஆளாக உருமாறுகிற இனத்தவன், சொந்த முகம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். அவனுக்கு உலகத்துக்கே தெரிந்த முகம்! முதலில் எனக்கும் உறுத்தியது. பிறகு, அவன் வேறொருவராக மாறி நிற்கும்போது எந்த முகம் காணாமல் போனது என்று நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம்தான்.

சரி, நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டுக் கதையை யோசிக்கிறார்களா? இந்தப் படங்களில் இல்லை. லெஜண்டரி நிறுவனம் உரிமையை வாங்கியது 2016இல். 2017 தொடக்கத்தில் வில்னவ் வந்தார். ஷலமேயின் பெயர் அடிபட்டது 2018 நடுவில். இதைவிட முக்கியமானது, முதல் பாகத்தில் ஒப்பந்தமானவர்களுக்கு இரண்டாம் பாகம் உண்டா என்பதே நிச்சயமில்லை. படம் அமெரிக்காவில் 2021 அக்டோபர் 22 அன்று வெளியாகி நான்கு நாள் கழித்துத்தான் அடுத்ததற்குப் பச்சைக்கொடி காட்டினார்கள். ஸெண்டாயா முதல் பாகத்தில் வந்தது மொத்தமே சில நிமிடங்கள். அப்படிப்பட்ட சூதாட்டத்தில் தெரிந்த பெயர்கள்தான் ஜாமீன் கையெழுத்து. இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 19 கோடி டாலர். அதை யாரோ ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். (வசூல் 70 கோடியைத் தாண்டியது என்பதால் மூன்றாவதற்கு யாரும் முனகவில்லை.)

நீங்கள் சந்தேகப்படுவது போலவே ஒருவர் செய்து பார்த்தார். எழுபதுகளின் நடுவில் அலெஹாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கி இதே டூனை எடுக்கக் கிளம்பினார். பேரரசன் சல்வதோர் டாலி. ஆமாம், ஓவியர் டாலிதான். ஹார்கோனன் பிரபுவாக நடிகர் ஆர்சன் வெல்ஸ். மிக் ஜாகருக்கும் ஒரு வேடம். பாலாக நடிக்கத் தன் மகன் ப்ரான்டிஸையே போட்டு, அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இரண்டு வருடம் சண்டைப் பயிற்சி கொடுத்தார். ஹொடரோவ்ஸ்கி பிற்பாடு சொன்ன கதைப்படி, டாலி மணிக்கு 1 லட்சம் டாலர் கேட்டார். இவர் நிமிடத்துக்கே 1 லட்சம் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, டாலி திரையில் வரும் நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிட்டார். மீதிக் காட்சிகளுக்கு டாலி மாதிரியே ஒரு பொம்மை. வெல்ஸ் மசியவில்லை என்றதும், பாரிஸில் அவருக்குப் பிடித்த உணவகத்தின் சமையல்காரரைப் படப்பிடிப்பு முழுக்க வேலைக்கு வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தாராம். காட்சி காட்சியாக வரைந்த படங்களை ஒரு தடிமனான புத்தகமாகக் கட்டி ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார்கள். மீதிப் பணத்தைப் போட ஒருவரும் முன்வரவில்லை. ஓர் அடி ஃபிலிம்கூட ஓடாமல் படம் நின்றது. அதில் வேலை பார்த்த ஓவியர் கிகரும் எழுத்தாளர் டான் ஓபேனனும் 1979இல் ஏலியன் படத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது மட்டும் லாபம்.

அந்த டாலியைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான். நீங்கள் கேட்ட நம்பகத்தன்மை அதில் துளியும் இருந்திருக்காது.

கடைசியாக, நாவல். படித்துவிடுங்கள். முதல் நூலைப் போலத் தலையணை இல்லை, அதில் பாதிகூட வராது. பால் ஒரு வீரநாயகன் என்று முதல் நாவலின் வாசகர்கள் கொண்டாடிவிட்டார்கள், அப்படி இல்லை என்று சொல்லவே ஹெர்பர்ட் இதை எழுதினார். அதனால் சண்டை குறைவு, பேச்சும் சதியும் அதிகம். முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் இழுக்கும், விட்டுவிடாதீர்கள். வெளியீடு 2026 டிசம்பர் 18 என்று அறிவித்திருக்கிறார்கள். படிக்கும்போது மோமோவாவின் முகம் நடுவில் வந்து நிற்கும். அதைத் துரத்த வேண்டாம், பாலுக்கும் அப்படித்தான் வந்து நிற்கிறது.