ஃப்ரீலான்ஸ் கேரக்டர் அனிமேஷன்: கேட்டதுக்கு என் பதில்

பெரிய டீம் ப்ராஜெக்ட்ல வீட்ல இருந்தே ஷாட் வாங்கி கேரக்டர் அனிமேட் பண்ணிக் குடுக்கறதுதான் என் வேலை. நீங்க அனுப்பின கேள்விகள எடுத்துக்கறேன்.

அக்கா, முதல் ஷாட் கைக்கு வந்துருச்சு. ஃபைல திறந்ததும் என்ன பண்ணணும்?

உடனே கீ (இந்த ஃப்ரேம்ல கேரக்டர் இப்படி இருக்கணும்னு பதியறது) வைக்காதீங்கம்மா. உங்க ஷாட்டுக்கு முன்னாடி ஷாட், அடுத்த ஷாட் ரெண்டையும் கேட்டு வாங்குங்க, ப்ளாக்கிங்ல, அதாவது முக்கியமான போஸ் மட்டும் வச்ச நிலையில இருந்தாலும் பரவால்ல. நான் ஒரு தடவ இத கேக்காம விட்டேன், முந்தின ஷாட் முடியறப்போ கேரக்டரா வர்ற பொண்ணு இடது கால்ல வெயிட் போட்டு நிக்குது, என் ஷாட் ஆரம்பத்துல வலது கால்ல, தனியா பாத்தா ரெண்டுமே அழகு, ஆனா எடிட்ல சேத்து ஓட்டினா கட் வர்ற இடத்துல அவ இடுப்பு டக்குனு குதிக்குது. இடுப்ப மாத்தினா முதுகு, தோள், கைன்னு எல்லாத்தையும் மாத்தணும், மூணு நாள் வேலை அப்படியே போச்சு. இப்பல்லாம் பக்கத்து ஷாட் அனிமேட்டர்கிட்ட பேசி கடைசி போஸ ஒத்துக்கிட்டுதான் ஆரம்பிப்பேன்.

ப்ளாக்கிங்க அரைகுறையா காட்ட கூச்சமா இருக்கு. ஸ்ப்லைன் போட்டு, அதாவது போஸுக்கு நடுவுல அசைவ வழுவழுன்னு ஓட வச்சு காட்டலாமா?

வேண்டாம். நாலு செகண்ட் ஷாட்னா 24 ஃப்ரேம் கணக்குல 96 ஃப்ரேம். அதுல கதைய சொல்ற ஏழெட்டு போஸ ஸ்டெப்டுல (நடுவுல அசைவு இல்லாம ஒரு போஸ்ல இருந்து அடுத்ததுக்கு தாவற மாதிரி) வச்சு டைமிங்கோட ப்ளேப்ளாஸ்ட், அதாவது வேகமா எடுக்கற ப்ரிவ்யூ வீடியோ எடுத்து அனுப்புங்க. டைரக்டர் "இவன் இங்க திரும்பவே கூடாது"ன்னு சொன்னா அந்த நேரத்துல ஒரு போஸ்தான் போகும், ஸ்ப்லைன் போட்டு விரல் வரைக்கும் பாலிஷ் பண்ண பிறகு சொன்னா மனசும் சேந்து உடையும்.

ரிக்ல (கேரக்டர அசைக்கறதுக்காக உள்ள வச்ச எலும்பு, கண்ட்ரோல் அமைப்பு) முழங்கை கண்ட்ரோல் புரண்டுக்குது. நானே சரி பண்ணிக்கலாமா?

தொடாதீங்க. மாயா சாஃப்ட்வேர்ல ரெஃபரன்ஸ், ப்ளெண்டர் சாஃப்ட்வேர்ல லிங்க்னு, காப்பி எடுக்காம மூல ஃபைலோட இணைச்சு ஒரே ரிக்கைத்தான் எல்லாரும் பயன்படுத்தறாங்க. அத உங்க ஃபைலுக்குள்ள இம்போர்ட் பண்ணி நீங்களா சரி பண்ணிட்டா, ரிக் செஞ்சு குடுக்கற ரிக்கர் அடுத்து விடற அப்டேட் எதுவும் உங்க ஷாட்டுக்கு வந்து சேராது. கண்ட்ரோல் பேரு, ஃப்ரேம் நம்பர், ஒரு ஸ்க்ரீன்ஷாட், இத்தனையும் ரிக்கருக்கு அனுப்புங்க. வெறுமனே "கை சரியில்ல"ன்னு எழுதினா அவர் எங்க போய் தேடுவார்?

செகண்ட் கணக்குல காசு பேசறதா, ஷாட் கணக்குலயா?

நான் முடிஞ்ச வரைக்கும் நாள் கணக்குலதான் பேசுவேன். ரெண்டு பேர் கட்டிப் புரள்ற மூணு செகண்டும் ஒருத்தர் ஜன்னல பாத்துட்டு நிக்கற மூணு செகண்டும் ஒண்ணா? ஷாட் கணக்குதான்னு அவங்க உறுதியா இருந்தா, எத்தன ரவுண்ட் கரெக்‌ஷன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. இன்னொன்னு, கால் தரையில வழுக்குதுன்னு சொன்னா அது என் தப்பு, காசு கேக்காம திருத்துவேன். ப்ளாக்கிங் ஓகே ஆன பிறகு "அவன் உக்காந்துட்டு பேசட்டும்"னு வந்தா அது புது வேலை, தனியா கேளுங்க, இதுல தயங்கவே கூடாது.

பண்ண ஷாட்ட ஷோரீல்ல (நம்ம வேலைய காட்டறதுக்கு தொகுக்கற வீடியோ) போடலாமா?

படம் வெளிய வர்ற வரைக்கும் வேண்டாம், வந்த பிறகும் எழுத்துல அனுமதி வாங்கிட்டு போடுங்க. நீங்க பண்ணது அனிமேஷன் மட்டும்தான்னு தெளிவா போடணும், ரிக்கும் லைட்டிங்கும் வேற யாரோ ராத்திரி முழிச்சு பண்ணது.

எல்லாரும் ஒரே மாதிரி பண்ணணும்னா என்னோடதுன்னு என்னக்கா இருக்கும்?

நடை, தலைய திருப்பற வேகம், இதெல்லாம் லீட் (அனிமேஷன் டீம நடத்தறவர்) முடிவு பண்ணது, அதுல கை வைக்க முடியாது. ஆனா நடிப்பு உங்க கையிலதான் இருக்கு. ஒரு ஷாட்ல சின்னப் பையன் அம்மாகிட்ட பொய் சொல்றான். முகத்துல எதுவும் காட்டாம, கட்டைவிரலால சட்டை நுனிய மட்டும் மெதுவா தேய்க்கற மாதிரி வச்சேன், மொத்தம் ஒரு 20 ஃப்ரேம்தான். லீட் அத பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்படியே ஓகே பண்ணார். அடுத்த வாரம் ரிவ்யூல பாத்தா, மத்த அனிமேட்டர்ங்க ஷாட்லயும் பொய் சொல்ற இடம் வந்தா அந்தப் பையன் சட்டை நுனிய தேய்ச்சுக்கிட்டு நிக்கறான்.