சும்மா ஊதிப் பார்ப்பது

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையில், மூடிப்போன மில் ஒன்றின் சங்கை எடை போட்டு வாங்கினேன். தகட்டில் 2 ஹெச்.பி., 3 ஃபேஸ், 415 வோல்ட், 2880 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். கப்பாசிட்டர் போட்டு ஓட்டிவிடலாம் என்கிறார் தெரிந்த எலக்ட்ரீசியன். சரிவருமா? பழைய பச்சை பெயிண்டை அப்படியே விடுவதா, சிவப்பு அடிப்பதா? அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். அன்று மொட்டை மாடியில் வைத்து ஒரு நிமிடம் ஊதி எல்லோரையும் அசத்த ஆசை. அதற்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் சும்மா ஒருதடவை டெஸ்ட் செய்து பார்க்கப் போகிறேன். நீங்கள் மில் லைனில் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

கே., சூலூர்

அன்புள்ள கே.,

நீங்கள் சைரன் என்று எழுதவில்லை, சங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாக முளைத்தன. கொதிகலனின் நீராவி ஊதல் போய் மோட்டார் சுழலும் இரும்புச் சட்டி வந்தது. பெயர் மட்டும் சங்காகவே நின்றுவிட்டது. கிரகப்பிரவேசத்தன்று வீட்டு மாடியில் சங்கு ஊதப் போகிறேன் என்று உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் தரும் பதிலை இங்கே அச்சிட முடியாது.

பெயிண்ட் விஷயம் எனக்கு முக்கியமில்லை. எந்த நிறமும் அடியுங்கள்.

முதலில் அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். உள்ளே சுழல்கிற சக்கரத்துக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. துருவோ குளவிக்கூடோ இருந்தால் அங்கேதான் இருக்கும். சக்கரத்தில் விரிசல் தெரிந்தால் அதை ஓட்டவே ஓட்டாதீர்கள், கூடத்தில் காட்சிக்கு வையுங்கள். பேரிங்கில் பழைய கிரீஸ் மெழுகாகி இருக்கும். கழுவி எடுத்துப் புதிது வையுங்கள், இல்லை பேரிங்கையே மாற்றுங்கள். பிறகு வைண்டிங் கடையில் கொடுத்து சுருளிலிருந்து கரண்ட் கூட்டுக்குக் கசிகிறதா என்று 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். எங்கள் அப்பா ஒரு பெட்டிக்குள் மோட்டாரையும் 100 வாட் குண்டு பல்பையும் வைத்து இரண்டு நாள் மூடிவிடுவார். இன்றைக்கும் அது நல்ல வழிதான்.

இயங்கும் விதம் எளிது. கூட்டில் ஜன்னல்கள் இருக்கும், எண்ணிப் பாருங்கள். பத்து இருந்தால், நொடிக்கு 48 சுற்று, சுற்றுக்குப் பத்துத் தடவை காற்று வெட்டுப்படும். 480 ஹெர்ட்ஸ், அதுதான் அதன் சுரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஒரே தண்டில் பத்து ஜன்னலும் பன்னிரண்டு ஜன்னலுமாக இரண்டு சட்டி வைத்து, இரண்டு சுரத்தை ஒன்றாக ஊதவிட்டார்கள். ஏறி இறங்கினால் ஆபத்து, ஒரே சீராக நின்றால் ஆபத்து நீங்கியது. அதாவது கேட்பவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஊதினார்கள்.

இனி ‘டெஸ்ட்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அது வசவு.

அப்பா மில்லில் வயர்மேன். 1973இல் பஞ்சு குடோனில் தீப்பிடித்தது. வேளை கெட்ட நேரத்தில், விட்டு விட்டுச் சங்கு கத்தியது. லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். மாமா புருவம் கருகி வெளியே வந்தார், வேறு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் சங்கின் பேரிங் போய் அப்பா மாற்றினார். வேலை முடிந்ததும் எந்த வயர்மேனும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: மத்தியானம் இரண்டரை மணிக்கு, சரியாக ஓடுகிறதா என்று சும்மா இரண்டு தடவை விட்டு விட்டு ஊதிப் பார்த்தார்.

அத்தை அடுப்பில் உலையையும் தொட்டிலில் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடினாள். சாக்கடை மேல் போட்டிருந்த பலகைக்கல் புரண்டு விழுந்தாள். கட்டு வைத்தியர் கட்டிய முழங்கால் கோணலாகவே கூடியது. சொந்த அண்ணன் ஊதிய சங்கு. கேட்டில் நின்று அப்பா எல்லோரிடமும் “டெஸ்டிங்தான், டெஸ்டிங்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அப்புறம் அவர் ஓய்வு பெறும் வரை, சங்கைத் தொடுவதற்கு முந்தின நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். “நாளைக்கு மூணு மணிக்குச் சும்மா ஊதுவேன், பயப்படாதீங்க” என்பார். முதல் வீடு அத்தை வீடு. அவள் வேண்டுமென்றே, “ஏனுங்ணா, நெசமாவே தீப்பிடிச்சா அன்னைக்கும் வந்து சொல்லிட்டுத்தான் ஊதுவீங்களா?” என்பாள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இரும்பை. அதன் ஓசை உங்களுடையதில்லை, காது உள்ள ஊருக்குச் சொந்தம். இது எனக்கு வெறும் குடும்பக் கதையும் இல்லை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் என்ன நடந்தது? சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் சங்கு கேட்டு அக்கம்பக்கம் மிரள வேண்டாம் என்று, தொழிலாளர்களுக்கான ஒலியையும் ஊருக்கான ஒலியையும் முன்பே பிரித்துவைத்திருந்தார்கள். விஷவாயு கிளம்பிய பிறகு ஊர்ச் சங்கு கொஞ்ச நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. மறுபடி அது ஊதியபோது வாயு குடிசைகளுக்குள் போய்விட்டிருந்தது. அடிக்கடி ஊதினால் ஊர் மிரளும், அல்லது பழகிப்போகும். பழகுவது இன்னும் மோசம். 2025 மே 7 அன்று நாடு முழுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடந்து சில நாளில், தொலைக்காட்சிகள் செய்திக்கு நடுவே சைரன் ஒலியைப் போட வேண்டாம் என்று அரசே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. விளம்பர இடைவேளைக்கு முன்னால் சங்கு ஊதிய மேதைகளை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்களும் அந்த வரிசையில் நிற்க வேண்டுமா, கே.? விருந்தாளிகளை அசத்த நாதஸ்வரம் இருக்கிறதே!

அதற்காகச் சங்கை ஊமையாக்கச் சொல்லவில்லை. ஜன்னல்களைச் சுற்றித் தடித்த தகடு ஒன்றை இறுக்கி மூடிவிட்டு முழு வேகத்தில் ஓட்டுங்கள். காற்று வெளியேறாவிட்டால் மோட்டார் திணறும் என்று நினைப்பீர்கள், நேர்மாறு. காற்றைத் தள்ளும் வேலை இல்லாததால் கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும். பேரிங் சத்தம், அதிர்வு, சூடு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு மூடியைக் கழற்றிக் குறைந்த வேகத்தில் விட்டுப் பாருங்கள், அடித்தொண்டையில் உறுமும், அவ்வளவுதான். முழு ஓசை கேட்டே ஆக வேண்டுமென்றால் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லுங்கள். வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பே 55 டெசிபல்தான். உங்கள் காதில் அடைப்பான் இருக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

அத்தை போன மாதம் காலமானாள். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தக் காலை இழுத்து இழுத்தே நடந்தாள். எடுப்பதற்கு முன்னால் வாசலில் உட்கார்ந்திருந்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சங்கை எடுத்து ஒருதடவை ஊதிப் பார்த்தார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. தொட்டிலில் விட்டுப் போன அதே பிள்ளை, இப்போது தலை நரைத்தவன், என் காதருகே குனிந்து, “டெஸ்டிங்” என்றான். இரண்டு பேரும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டோம்.

மின்சாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா. கப்பாசிட்டர் வேண்டாம். கிணற்று மோட்டாருக்குச் செய்கிறார்கள்தான், ஆனால் பலம் குறையும், சுருள் சூடேறும். சிங்கிள் ஃபேஸ் வாங்கி 3 ஃபேஸ் 230 வோல்ட் கொடுக்கிற டிரைவ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மோட்டாரின் மூன்று சுருளையும் இணைக்கும் விதம் இரண்டு, ஸ்டார், டெல்டா. ஸ்டாரில் இருந்தால் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும், ஆறு வயர் வெளியே வந்திருந்தால் சுலபம். எர்த் மறக்காதீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் இந்த டிரைவில்தான், அதை 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றவே கூடாது. டெர்மினல் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.