அவனை ஏன் கூட்டிப் போகவில்லை?

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கில் 97, இயற்பியலில் 91, வேதியியலில் 71. கட்-ஆஃப் 178. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அவன் அதிகம் பேசமாட்டான், எதைக் கேட்டாலும் ‘உங்க இஷ்டம்’ என்பான். நானும் கணவரும் என் தம்பியுமாக மூன்று தனியார் கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தோம். வெயிலில் அவன் அலைய வேண்டாமென்று பாட்டிக்குத் துணையாக வீட்டில் விட்டுப் போனோம். ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். ஹாஸ்டலில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், நல்ல கண்டிப்பு. டொனேஷன் விஷயமாகத் தம்பி பேசிக்கொண்டிருக்கிறான். இந்தக் கல்லூரி என் மகன் குணத்துக்குச் சரிப்படுமா?
– ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: மூன்று பெரியவர்கள் மூன்று கல்லூரிக்குப் போயிருக்கிறீர்கள். நான்கு வருஷம் அங்கே இருக்கப்போகிறவன் வீட்டில் இருந்திருக்கிறான். சகோதரி, அவன் குணத்தை என்னிடம் கேட்கிறீர்களே, அந்த வாசலில் நின்றபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?

வெயில் என்பதை நான் ஏற்கவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு வெயில் ஒன்றும் செய்யாது. அவன் வந்தால் ஏதாவது சொல்லிவிடுவானோ, போட்ட கணக்கு மாறிவிடுமோ என்ற பயம் உங்களுக்கே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. ‘உங்க இஷ்டம்’ என்று அவன் சொல்வது சுபாவம் என்று நினைக்கிறீர்கள். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளையும் அதையேதான் சொல்லும்.

பிள்ளை இஷ்டப்படி விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கூடவே போவதும், பார்ப்பதும், பணம் கட்டுவதும் பெற்றவர்கள் கடமை. தாய்மாமன் அலைவதும் நல்ல வழக்கம்தான். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையை விட்டுவிட்டா போவோம்?

கண்டிப்பு என்று சந்தோஷப்படுகிறீர்கள். ஏற்கெனவே வாய் திறக்காத பையனிடம் போனையும் வாங்கி வைத்துவிட்டால், இரவில் மனசு சரியில்லாதபோது யாரிடம் பேசுவான்? அரசுக் கல்லூரியில் வேறு விதமான சிரமம் இருக்கும். அங்கே பின்னாலேயே வந்து படி படி என்று சொல்ல ஆள் இருக்காது, சந்தேகம் வந்தால் அவனே போய்க் கேட்க வேண்டும். இரண்டில் எதை அவன் தாங்குவான் என்பது அந்தந்த இடத்தில் அவன் போய் நின்றால்தான் தெரியும்.

டொனேஷன் பேச்சை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்து 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை, பையன் ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு போய்க் கேட்பீர்கள்? இன்னொன்று. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்கிறீர்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அரசு கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. கையில் வரவேண்டியதை விட்டுவிட்டு, கொடுக்கக் கூடாததைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

மதிப்பெண்ணையும் ஒரு தரம் பாருங்கள். கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிற பையன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்ற பெயரே உங்கள் கடிதத்தில் இல்லை. அவனிடம் கேட்டீர்களா, இல்லை ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் என்கிறார்களே என்றா?

காரைக்குடியில் 1952-லிருந்து நடக்கும் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும், 1981-ல் தொடங்கிய திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியும் உங்களுக்கு விடியற்காலை கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்புகிற தூரம்தான். வகுப்பு நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். உங்களுக்குப் பிடித்த அந்தத் தனியார் கல்லூரிக்கும் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கட்டடத்தையும் பஸ் வரிசையையும் நீங்கள் பார்த்தது போதும். இந்த முறை லேபில் மெஷினில் பிள்ளைகளைக் கை வைக்க விடுகிறார்களா, தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறார்களா என்று மூன்றாம் வருஷ மாணவன் ஒருவனிடம் உங்கள் மகனே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். என்பிஏ என்கிற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. கல்லூரிக்கு இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால், அவன் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி பையனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, இதை நீயும் படிப்பாய் என்று நினைக்கிறேன். ‘உங்க இஷ்டம்’ என்பது மரியாதை ஆகாது. அப்பா எங்கே கடன் வாங்கப்போகிறார், எவ்வளவு வாங்கப்போகிறார் என்று உட்கார்ந்து கேள். கேட்டபிறகு உனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல். கவுன்சலிங் விருப்பப் பட்டியலை உன் கையாலேயே வரிசைப்படுத்து. அதற்குப்பின் கிடைத்த இடத்தில் ஒழுங்காகப் படிப்பது உன் கடமை, அப்போது வீட்டைக் குறை சொல்லக் கூடாது.

சகோதரி, நீங்களும் கணவரும் பையனுமாக மூன்று டிக்கெட் எடுங்கள். பாட்டிக்குத் துணையாக இந்த முறை உங்கள் தம்பி இருக்கட்டும்.