தூக்காமல் இருக்க முடியாது, தூக்கினால் நிற்க முடியவில்லை: பிரசவத்துக்குப் பின் சயாட்டிகா

கேள்வி: பிரசவமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலது பிட்டத்தில் தொடங்கும் வலி கெண்டைக்கால் வரை இழுக்கிறது. கைக்குழந்தையோடு மூத்த குழந்தையும் தூக்கச் சொல்லி அழுகிறது. இந்த வலியை எப்படிச் சமாளித்தீர்கள்?

“தூக்காதே” என்று எனக்கு அறிவுரை சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. ஆகவே அந்த அறிவுரையை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

எனக்குச் சயாட்டிகா, அதாவது முதுகின் அடியிலுள்ள நரம்பு உறுத்தப்பட்டுப் பிட்டத்திலிருந்து கால்வழியே இறங்கும் வலி, வந்தபோது சின்னவளுக்கு மூன்று மாதம், பெரியவனுக்கு இரண்டரை வயது. ஒரு விடியற்காலையில் தொட்டிலுக்குள் குனிந்து சின்னவளை எடுத்து அப்படியே திரும்பினேன். பிட்டத்திலிருந்து பாதத்தின் வெளி ஓரம் வரை சுரீரென்று ஒரு கோடு ஓடியது. குழந்தையை மறுபடி படுக்கவைத்துவிட்டுத் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அதன் பிறகு தும்மினால்கூடக் காலில் மின்சாரம் பாய்ந்தது.

மருத்துவர் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே உயர்த்திப் பார்த்தார். நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்கச் சொன்னார். சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். முதுகின் அடியில் ஒரு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு) பிதுங்கி நரம்பின் வேரை உறுத்துகிறது போலத் தெரிகிறது, இப்போதைக்கு ஸ்கேன் தேவையில்லை என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு வலிக்கு ஒரு ஸ்கேன்கூட இல்லையா? வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவது சகஜம், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது.

உங்களுக்கு இருப்பதும் அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்களால் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு அவை ஒரே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு வலித்தாலும் அது சயாட்டிகா போலவே இருக்கும். ஆனால் அந்த வலி பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். படுக்கையில் புரளும்போதும் படி ஏறும்போதும் குத்தும். இரண்டுக்கும் பயிற்சி வேறு. ஆகவே முதலில் யாராவது கைவைத்துப் பரிசோதித்துப் பார்க்கட்டும்.

நான் செய்த தவறுகள் இரண்டு. முதலாவது, ஒரு வாரம் அசையாமல் படுத்தது. எழுந்தபோது முதுகு பலகையாகியிருந்தது, வலியும் கூடியிருந்தது. இரண்டாவது, தொடையின் பின்புறம் இறுக்கமாக இருக்கிறதே என்று காலைப் பிடித்து இழுத்து இழுத்து நீட்டியது. அது தசையின் இறுக்கம் அல்ல, எரிச்சலில் இருக்கும் நரம்பு. அதை இழுத்தால் அன்றிரவு தூக்கம் இல்லை.

திருப்பம் வந்தது பிசியோதெரபிஸ்ட் கேட்ட ஒரு கேள்வியில். “ஒரு நாளைக்கு எத்தனை முறை குழந்தைகளைத் தூக்குகிறீர்கள்?” பதினைந்து இருக்கும் என்றேன். எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஒரு தாளில் கோடு போட்டேன். மதியத்துக்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் குனிந்து திரும்பிய வாக்கில் எடுத்தவை. தூக்கிய பிறகும் வலது கை வேலைக்கு வேண்டும் என்று எப்போதும் இடது இடுப்பில்தான் வைத்திருந்தேன். இடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளியே நின்றது. பத்து நிமிடம் பயிற்சி செய்துவிட்டு மீதி நாள் முழுவதும் அதைக் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் முதலில் தூக்கும் விதத்தை மாற்றினேன். தரையிலிருந்து எடுக்க ஒரு காலை மண்டியிட்டு, குழந்தையை முதலில் மடிக்கு இழுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுவேன். தொட்டிலில் எட்டிப் பிடித்துத் தூக்கக் கூடாது. குழந்தையை என் பக்கம் நகர்த்தி உடம்போடு சேர்த்த பிறகுதான் தூக்க வேண்டும். திரும்புவதென்றால் இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். டயபர் மாற்றுவதை இடுப்பு உயர மேசைக்குக் கொண்டுபோனேன், ஒரு கை எப்போதும் குழந்தைமேல். பாலூட்ட நான் குனிவதை விட்டு, தலையணை வைத்துக் குழந்தையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். குழந்தையைக் கட்டிக்கொள்ளும் பையில் பாரம் இரண்டு தோளிலும் இறங்க வேண்டும். குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். தொங்கினால் முதுகுதான் இழுபடும்.

பெரியவன்தான் கடினம். அவனுக்கு வேண்டியது உயரமா, நானா என்று யோசித்தேன். அழும்போது நாற்காலியில் உட்கார்ந்து கைகளை விரித்தேன், அவனே ஏறிவந்தான். நான்கைந்து நாள் ரகளை செய்தான், பிறகு பழகிவிட்டான். கட்டிலுக்கும் கைகழுவும் இடத்துக்கும் ஒரு சிறிய படிப்பலகை போட்டதில் பல கோடுகள் தாளிலிருந்து காணாமல் போயின.

பயிற்சி என்று பார்த்தால், நாளில் பலமுறை ஐந்து பத்து நிமிட நடை, அடிவயிற்றையும் இடுப்புத்தளத் தசைகளையும் (சிறுநீரை அடக்க உதவும் தசைகள்) மெல்ல உள்ளிழுத்துப் பழகுவது, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்துவது. இந்தக் கடைசிப் பயிற்சி எல்லோருக்கும் ஒத்துவராது. வலி கெண்டைக்காலை விட்டுப் பிட்டத்துக்குப் பின்வாங்கினால், முதுகில் சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். தூங்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் இதமாக இருந்தது. சிசேரியன் தழும்பைச் சுற்றி உணர்ச்சி குறைவாக இருந்தால் அந்த இடத்தில் சூடு வேண்டாம்.

மாத்திரையைப் பொறுத்தவரை, பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் பாலூட்டும்போது பொதுவாக எடுக்கக்கூடியவையே. ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ மறுபடி கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ கேட்காமல் இப்யூபுரோஃபென் வேண்டாம். நரம்பு வலிக்கென்று தரும் மற்ற மருந்துகளுக்கு முன்னால் “பால் கொடுக்கிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள்; நான் சொன்ன பிறகுதான் என் மருந்துச் சீட்டிலிருந்து ஒரு மருந்து நீக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவது பலருக்கும் உண்டு என்பதால் நாம் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் வலியோடு சேர்ந்து சிறுநீர் வராமல் நின்றாலோ, வருவதே தெரியாமல் போனாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் இடத்திலும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தேய்ந்தாலும், வலியோடு காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்குப் பத்தாவது வாரத்தில் கால் வலி போய்விட்டது. சுண்டுவிரல் ஓரத்து மரமரப்பு மட்டும் இன்னும் மூன்று மாதம் இருந்தது. இப்போதும் நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பிட்டத்தில் லேசாகக் கடுக்கும். எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருவேன்.