65-க்கு முன்னால் என்ன செய்தார்?

கேள்வி: என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று 4 மாதமாகிறது. கேஎஃப்சி பொரித்த கோழிக் கடையை ஆரம்பித்த சாண்டர்ஸ் விவசாயி வீட்டுப் பிள்ளை, 65 வயதில் கையில் 105 டாலர் பென்ஷனோடு கிளம்பினார், 1009 கடைக்காரர்கள் விரட்டியும் ஜெயித்தார் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து, ரப்பர் விளையை விற்று மார்த்தாண்டத்தில் ஹோட்டல் போட வேண்டும் என்கிறார். என்ன சொல்ல?
ஒரு வாசகி, குலசேகரம்.

பதில்: எனக்கும் அந்தச் செய்தி மூன்று தடவை வந்துவிட்டது. ஆயிரத்து ஒன்பது பேரையும் கூடவே போய் எண்ணியவர் யார் என்று மட்டும் அதில் இல்லை.

பென்ஷன் உண்மை. விவசாயி மகன் என்பதும் உண்மை. 1890-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா தக்காளி டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போக, தம்பி தங்கைக்குச் சமைத்துப் போட்டது இந்தப் பையன்தான். பத்து வயதில் பக்கத்துத் தோட்டத்தில் மாதம் 2 டாலர் கூலிக்குச் சேர்ந்து, ஒரே மாதத்தில் துரத்தப்பட்டார். அப்புறம் ரயிலில் கரி அள்ளியது, இன்சூரன்ஸ் விற்றது, டயர் விற்றது எல்லாம் பெரிய பட்டியல். அதை விடுங்கள்.

வாட்ஸ்அப் விழுங்கிவிட்ட பகுதி இனிமேல்தான். 1930-ல் கென்டக்கியில் கார்பின் என்ற ஊரில் பெட்ரோல் பங்க் எடுத்தார். வண்டி நிறுத்தியவர்களுக்குத் தன் சாப்பாட்டு மேஜையிலேயே சோறு போட ஆரம்பித்தார். பத்து வருடத்துக்குள் அது ஏறக்குறைய 140 பேர் உட்காரும் ஹோட்டல். கோழி பொரிய அரைமணி நேரமாகிறதே, வண்டிக்காரன் காத்திருப்பானா என்று மண்டையைக் குடைந்துகொண்டு, 1939-ல் பிரஷர் குக்கரை வாங்கிச் சோதித்து, பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். பெரிய சாலை ஊரைச் சுற்றிப் போகப்போகிறது என்றதும் வியாபாரம் விழுந்தது. 1956-ல் ஹோட்டலை ஏலத்தில் விட்டார். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நின்று பார்த்தால் இது புரியும். தலைக்கு மேலே போகிற கார் சாயா குடிக்க இறங்காது.

ஆக, 65 வயதில் அவரிடம் பணம் இல்லை, சரி. ஆனால் கால்நூற்றாண்டு அடுப்படி அனுபவம் இருந்தது. இன்னொன்று, அப்போது அவர் புது ஹோட்டல் திறக்கவே இல்லை. நடந்துகொண்டிருந்த அடுத்தவர் ஹோட்டல்களுக்குள் போய்ச் சமைத்துக் காட்டி, பிடித்திருந்தால் விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் நாலைந்து சென்ட் கொடுங்கள் என்றார். முதல் ஆள் 1952-லேயே கிடைத்துவிட்டார், சால்ட் லேக் சிட்டியில் ஏற்கெனவே கடை வைத்திருந்த பீட் ஹார்மன். கட்டடம், வாடகை, வேலையாள் சம்பளம் எல்லாம் கடைக்காரர் பாடு. உங்கள் கணவர் நினைப்பது இதற்கு நேர் எதிர்.

மசாலாவைக் கலந்து பொட்டலம் கட்டி ஊர் ஊராக அனுப்பியது அவர் மனைவி கிளாடியா. இந்த ஹோட்டல் திட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று உங்கள் கணவரிடம் கேட்டீர்களா?

1964-ல் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்றார் சாண்டர்ஸ். விற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. கிரேவி சுவரில் ஒட்டும் பசை மாதிரி இருக்கிறது என்று பேப்பர்காரர்களிடமே திட்டினார், அது கோர்ட் வரை போனது. நாக்கு அப்படிப்பட்டது. உங்கள் வீட்டுக்காரருக்கு மரச்சீனி வேகவைத்து மீன்கறி கூட்டத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அவர் சமையலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

விளை இப்போதைக்கு அங்கேயே கிடக்கட்டும். தெரிந்த ஹோட்டல் ஒன்றில் கேட்டு, ஆறு மாதம் விடியற்காலை நாலு மணிக்குப் புட்டுக்கு மாவு நனைக்கிற இடத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். பால் வெட்ட ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் விளையைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். அது வேறு கேள்வி.